டென்வர் கடிதம்: எழுபத்தாறு பேரில் இல்லாதவர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தி கொடுத்தனுப்பிய சாம்பார்ப் பொடி வந்து சேர்ந்தது. பருப்புதான் வேக மாட்டேன் என்கிறது. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டைவிடக் கொஞ்சம் மேலே. தண்ணீர் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்து ஏமாற்றுகிறது. குக்கர் இல்லாவிட்டால் நாங்கள் பட்டினிதான்.

பனி கொட்டினால் வாசல் நடைபாதையை வீட்டுக்காரரே வாரிப் போட வேண்டும், இது ஊர்ச் சட்டம். நானும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் ஆளுக்கொரு தள்ளுவாரியோடு இறங்குவோம். நாலு வாரல் வாரியதும் அவருக்குப் பழைய கூடைப்பந்து வீரர் அலெக்ஸ் இங்கிலீஷ் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அவர் வாசலுக்கும் நான்தான்.

நீங்கள் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஜோர்டான், மேஜிக் ஜான்ஸன், லேரி பேர்ட் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. 1980களில் என்.பி.ஏ.வில் மொத்தமாக அதிகப் புள்ளி குவித்தவர் யார் என்று கேட்டால் இவர்களில் ஒருவரைத்தான் சொல்வீர்கள். இல்லை சித்தப்பா, அது டென்வர் நக்கெட்ஸின் இங்கிலீஷ். தொடர்ந்து எட்டு சீசன், ஒவ்வொன்றிலும் 2,000 புள்ளிக்கு மேல். 1982-83இல் ஆட்டத்துக்குச் சராசரி 28.4, லீகிலேயே முதலிடம். இரண்டாமிடம் யாருக்கு? அதே டீமின் கிக்கி வேண்டவேக்கு!

இங்கிலீஷ் ஆறடி ஏழு அங்குலம், ஒல்லி உடம்பு. தாத்தா தள்ளுவாரியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, ஷூட் பண்ணிக் காட்டுவார். பந்து தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில். மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்கு. குதிப்பதாகவே தெரியாது. பந்து கையில் இல்லாதபோதுதான் ஆள் ஓடிக்கொண்டே இருப்பாராம். தடுக்க வந்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எண்ட் லைன் ஓரமாக நழுவி, பாஸ் வாங்கி, போட்டும் விடுவார். வீசியதில் பாதிக்கு மேல் உள்ளே. ரிங்கில் தொங்குவது, மார்பில் அடித்துக்கொள்வது எதுவும் கிடையாது. மற்ற நேரத்தில் கவிதை எழுதுவார், தொகுதிகளே வந்திருக்கின்றன. கவிதை எழுதுகிறவனை எந்த ஊரில் மதித்தார்கள்?

1996இல் லீகின் 50 ஆண்டு நிறைவுக்குச் சிறந்த 50 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் இல்லை. 2021இல் 75ஆம் ஆண்டுக்கு 75 பேர் என்றார்கள். ஓட்டில் சமநிலை வந்து 76 ஆயிற்று. பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டும் இவருக்கு இடமில்லை. தாத்தாவுக்கு முகம் சிவந்தது குளிரால் அல்ல.

என் கணிப்பு வேறு. தப்பு முழுக்கத் தேர்வுக்குழுவுடையது அல்ல. நக்கெட்ஸ் கோச் டக் மோ ஆட்களை ஓட விட்டு, பாஸ் பண்ண விட்டு, புள்ளியை மழையாகக் கொட்ட வைத்தார். மேட்டு ஊரில் மூச்சு வாங்கிய எதிரணிகளும் அதே மழையைத் திருப்பிக் கொட்டின. டிஃபென்ஸ் என்பது வேறு ஏதோ ஊரின் பழக்கம். அப்படிப்பட்ட டீமில் எடுத்த புள்ளியை ஊர் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் பார்க்கும். இதைத் தாத்தாவிடம் சொல்லவில்லை, எனக்கு அவருடைய ஸ்னோ ப்ளோயர் இரவல் வேண்டும். போதாக்குறைக்கு, 1985இல் லேக்கர்ஸோடு மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் நடுவே இங்கிலீஷின் கட்டைவிரல் முறிந்தது. ஃபைனல்ஸ் மேடையை அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை. நக்கெட்ஸ் கோப்பையை வென்றது 2023இல்தான்.

ஒரே ஒரு ஆட்டம் சொல்கிறேன். 1983 டிசம்பர் 13, டென்வர். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். மூன்று ஓவர்டைம். முடிவு 186-184, என்.பி.ஏ.விலேயே அதிகப் புள்ளி விழுந்த ஆட்டம். அந்த 370 புள்ளியில் மூன்று புள்ளி ஷாட் இரண்டே இரண்டு! இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள். இங்கிலீஷுக்கு 47, வேண்டவேக்கு 51. அப்படியும் 184 எடுத்துவிட்டுத் தோற்றது நம்ம ஆட்கள்தான். அரங்கில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. நாடு முழுக்க டிவியிலும் வரவில்லை. ஆனால் டென்வரில் நான் சந்தித்த கிழவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவும்தான். ஜலதோஷம் என்று அன்று போர்த்திப் படுத்திருந்தார் என்கிறார் பாட்டி.

போன வாரத்தோடு இங்கிலீஷ் புராணம் ஓய்ந்தது என்று நினைத்தேன். நேற்று மறுபடி பனி. தாத்தா இன்னொரு நக்கெட்ஸ்காரர் டேவிட் தாம்ஸனை ஆரம்பித்துவிட்டார். 1978 ஏப்ரல் 9, சீசனின் கடைசி நாள், பகல் ஆட்டத்தில் 73 புள்ளி. அன்று இரவே சான் அன்டோனியோவின் ஜார்ஜ் கெர்வின் 63 எடுத்து ஸ்கோரிங் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அந்தப் பகல் ஆட்டமாவது ஜெயித்ததா என்றால், அதுவும் டெட்ராய்டிடம், அதுவும் இரண்டே புள்ளியில், 139-137 என்று தோல்வி.

சித்திக்கு என் நமஸ்காரம். அடுத்த முறை யாராவது வந்தால் சுண்டைக்காய் வத்தல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தாத்தாவுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்