லீ நதியில் மிதக்கும் லயம்: பொல்பிட்டியவுக்கு ஒரு லண்டன் கடிதம்

நேரோபோட் என்பது இங்கிலாந்துக் கால்வாய்களுக்கென்றே அளவெடுத்துச் செய்த படகு. அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் போனால் 72 அடி. இந்த ஒட்டிய உடம்புக்குக் காரணம் படகு கட்டியவர்கள் அல்ல, கால்வாய் வெட்டியவர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க நினைத்து, மத்திய இங்கிலாந்தின் லொக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் தொட்டிகளை, ஏழடி அகலத்தில் கட்டினார். நிலக்கரி ஏற்றிய படகுகள் அதற்குள் அடங்கிக்கொண்டன. சரக்கு பிறகு ரயிலுக்கும் லொறிக்கும் போய்விட்டது. அளவு மட்டும் அப்படியே நிற்கிறது.

ரயில் வந்து கூலி விழுந்ததும் படகோட்டிகள் பலர் கரையில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு படகிலேயே குடியேறினார்கள். குடும்பம் முழுக்க இருந்த பின்பக்க அறை சுமார் பத்தடிக்கு ஏழடி. தோட்டத்து லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடிதானே என்று தலைமுறை தலைமுறையாகக் குறைப்பட்டவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கலாம்: வெள்ளைக்காரன் தன் சொந்த ஊர்த் தொழிலாளியை அதைவிடச் சின்னதில் வைத்திருந்தான். ஒரு படகில் எத்தனை பேர் படுக்கலாம் என்று வரையறுக்க 1877இல் சட்டமே போட வேண்டி வந்தது.

இன்று அதே ஏழடிக்குள் அடுப்பு, குளியலறை, கட்டில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் தேத்தண்ணீர் ஊற்றும்போது இன்னொருவர் கடந்து போக வேண்டுமானால் இருவரும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். குளிருக்கு இரும்பு அடுப்பு. விறகும் சைக்கிளும் பூச்சட்டியும் கூரையின்மேல். லயத்தை விட்டு வெளியேற நம்மவர்கள் இருநூறு வருடமாகப் பாடுபடுகிறார்கள். இங்கே படித்த உத்தியோகத்தர்கள் கடன் வாங்கி அதற்குள் போகிறார்கள். லண்டன் வீட்டு வாடகையைக் கேட்டவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது.

லண்டனில் இந்தக் கூட்டத்தைப் பார்க்க லீ நதிக்குப் போக வேண்டும். ஹார்ட்ஃபோர்டிலிருந்து டொட்டன்ஹாம், ஹக்னி வழியாகத் தேம்ஸ் பக்கம் இறங்கும் ஆறு அது. கரையில் இடம் போதாமல் ஒரு படகின் விலாவில் இன்னொன்றைக் கட்டியிருப்பார்கள். வெளிப்பக்கப் படகுக்காரர் இரவில் வீடு திரும்பினால் உள்பக்கப் படகின்மேல் ஏறித்தான் போக வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராவின் சண்டை மட்டும்தான் கேட்கும்; இங்கே காலடியும் சேர்ந்து தலைக்குமேல் கேட்கும்.

ஆற்றையும் கால்வாய்களையும் 2012 முதல் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. படகுக்கு லைசென்ஸ், காப்புறுதி, நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாதவர், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரணமாக ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் தங்கக் கூடாது. தொரை இல்லை, கங்காணி இல்லை; ஆனாலும் இரண்டு கிழமைக்கொருமுறை வீட்டையே அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கால்வாயில் வேக எல்லை மணிக்கு நாலு மைல். நாயோடு நடக்கிற கிழவர் சிரமமில்லாமல் முந்திப் போவார். சுக்கானின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டு. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குவது முறை. கட்டியிருக்கிற படகுகளைத் தாண்டும்போது எஞ்சினை முனகவிட வேண்டும். மறந்தால் உள்ளே யாருடைய சாப்பாடோ தரையில் கிடக்கும், அவரும் ஜன்னல் வழியே தலையை நீட்டுவார். ஆற்றில் வேகமாகப் போகிறவர்கள் துடுப்புப் போட்டிக்காரர்கள்தான். அவர்களோ போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

லொக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி, எல் வடிவ இரும்புப் பிடியைப் பற்சக்கரத்தில் மாட்டிச் சுழற்றினால் அடியில் பலகை உயரும், தண்ணீர் பாயும், படகு ஏறும் அல்லது இறங்கும். தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகும்வரை யார் தள்ளினாலும் கதவு அசையாது. சமமானதும் முதுகைக் கொடுத்தாலே திறந்துவிடும். லக்சபான வான்கதவு திறந்தால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு, இங்கே வழியோடு போகிற பெண்மணி பையை வைத்துவிட்டு வந்து கதவு தள்ளிக் கொடுப்பது விளங்காது. இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல்கதவின் அடிக்கல்லில் சிக்கினால் முன்பக்கம் மட்டும் கீழே போய்ப் படகு மூழ்கிவிடும். அதனால் அந்த நேரத்தில் யாரும் அரட்டை அடிப்பதில்லை. லீயின் லொக்குகள் அகலமானவை, இரண்டு நேரோபோட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தனியாகப் போய்த் தண்ணீரை வீணாக்காமல், பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பது மரியாதை.

புரொப்பெல்லரில் பிளாஸ்டிக் பையும் கயிறும் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, பின்பக்கத்து மூடியைத் திறந்து, தோள்வரை கையைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டு அறுத்தெடுக்க வேண்டும். குடிதண்ணீர் கரைக் குழாயில் பிடிக்க வேண்டும்; அங்கே நிற்கிற வரிசையில் பீலிக்கரைக் கதை அத்தனையும் உண்டு. கக்கூஸ் பெட்டியை உரியவர் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுகிறார். இதில் பட்டம், பதவி பார்க்கப்படுவதில்லை.

பொல்பிட்டியவில் இந்தப் படகு ஓடாது. மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனியாகிற அந்தப் பாறைப் பள்ளத்தில் கித்துல்கலப் பக்கத்து ரப்பர் படகுதான் தாங்கும். ஆகவே பார்க்க ஆசைப்படுகிற பெரியம்மா, சித்தப்பாமார் இங்கேதான் வர வேண்டும். வரும்போது பெட்டி சின்னதாக இருக்கட்டும்; பெரிய சூட்கேஸ் படகின் வாசலில் நுழையாது.