கோட்டையிலிருந்து கோட்டேக்கு

1982ஆம் ஆண்டு இரண்டாந் தவணைப் பரீட்சையில் எனக்கு இரண்டு புள்ளி போனது. இலங்கையின் தலைநகரம் எது என்ற கேள்விக்குக் கொழும்பு என்று எழுதியிருந்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஜெம்பட்டா வீதி மூலையில் கிரிக்கெட் விளையாடி, ஒரு பக்கம் புனித லூசியா பேராலயத்து மணியும் மறுபக்கம் பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் கேட்டு வளர்ந்தவன் வேறு எதை எழுதுவான்? சமூகக்கல்வி சேர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டே’ என்று எழுதிவிட்டார். அந்த வருஷம் ஏப்ரல் 29ஆம் திகதிதான் தியவன்னா ஓயாச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றத்தைத் திறந்திருந்தார்கள். எங்கள் பாடப்புத்தகத்துக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. சேர் பேப்பர் படிக்கிறவர்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கோட்டையும் கொழும்புக்குள்ளதானே கிடக்கு. பிறகேன் பிழை போட்டவர்?" என்றார். தினமும் காலையில் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர் அவர். கோட்டே என்று இன்னொன்று இருப்பது அவருக்குத் தெரியும். அது தலைநகரம் ஆகிவிட்டதுதான் தெரியாது.

குழப்பம் அவருடையது மட்டுமல்ல. கொழும்பு 1க்குக் கோட்டை என்று பெயர். ஆனால் அங்கே கோட்டை கிடையாது. ஒல்லாந்தர் விட்டுப்போன மதில்களை ஆங்கிலேயர் 1869 தொடக்கம் இடித்து எறிந்தார்கள். கோட்டே என்ற பெயரும் நம்முடைய ‘கோட்டை’தான். பதினான்காம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் அழகக்கோனார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படை தெற்கே வராமல் தடுக்கக் கட்டினார். யாழ்ப்பாணத்தாரை மறிக்க எழுந்த ஊரின் பெயர் தெரியாமல் ஒரு யாழ்ப்பாணத்தாரின் மகனுக்குப் புள்ளி போனது என்றால், அழகக்கோனார் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஜயவர்த்தனபுர என்பதும் பழைய பெயரே. அதை மீண்டும் தலைநகரமாக்கிய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் பெயர் அதற்குள் அப்படியே பொருந்தியிருந்தது தற்செயல் என்றுதான் நான் இன்றும் நம்பிவருகிறேன்.

சிங்களத்தில் ஒரு சொலவடை உண்டு: பறங்கி கோட்டேக்குப் போனது போல. 1505இல் கொழும்பில் வந்து இறங்கிய போர்த்துக்கேயரை, பத்துக் கிலோமீற்றர்கூட வராத தூரத்துக்கு, ஆறும் காடும் சுற்றி மூன்று நாள் நடத்திக் கொண்டுபோனார்களாம். அரசன் இருக்கிற இடம் வெகு தூரம் என்று அவர்கள் எண்ண வேண்டுமே. அந்தச் சொலவடையை நான் வாயால் கற்கவில்லை, காலால் கற்றேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

பரீட்சை முடிந்து ஒரு வருஷம். 1983 ஜூலைக் கலவரம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு வரியோடு நிறுத்துகிறேன். இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் நிறுத்துகிற கொட்டகைக்குள் பாய் விரித்துப் படுத்தோம். பிறகு கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். எது தலைநகரம் என்று அந்தக் கப்பலில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் திரும்பி வந்தபோது வெள்ளவத்தைக்கு வந்தேன். கொட்டாஞ்சேனை 13, வெள்ளவத்தை 6. நகரம் மொத்தமே 37 சதுரக் கிலோமீற்றர். அதற்குள் பதினைந்து தபால் வட்டாரங்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த இலக்கமே கோத்திரம். கலியாணத் தரகர் ‘கொழும்பு ஆறு’ என்று சொல்லும்போது குரலை ஒரு சுருதி ஏற்றுவார். 13இல் இருந்து 6க்கு வர 155ஆம் இலக்க பஸ் ஒன்றே போதும். எனக்கு நடுவில் ஒரு கப்பலும் பன்னிரண்டு வருஷமும் தேவைப்பட்டன.

வெள்ளவத்தையைக் குட்டி யாழ்ப்பாணம் என்பார்கள். 57ஆம் ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், சவோய் தியேட்டர், சந்தையில் முருங்கைக்காய், எல்லாம் இருந்தன. தங்குவதற்குப் பொலிஸ் பதிவுதான் இருக்கவில்லை. வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள். பதிவு இல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். கிராம சேவகரிடம் போனால், ஊரில் உள்ள கிராம சேவகரின் கடிதம் கொண்டு வா என்றார். ஊருக்குப் போகப் பாஸ் வேண்டும். பறங்கிக்கு மூன்று நாள். எனக்கு மூன்று மாதம். பறங்கி கடைசியில் அரசனையாவது கண்டான்.

இது பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்காக: 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தங்கியிருந்தார்களாம். சொந்த நாட்டின் தலைநகரில் இருக்க என்ன காரணம் தகும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நீதிமன்றம் அன்றும் இன்றும் புதுக்கடையில்தான், கொழும்பு 12இல். பாராளுமன்றம்தான் கோட்டேக்குப் போனது. நீதியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இப்போது பதிவு இல்லை. வீடுகளும் இல்லை. முற்றத்தில் மாமரம் நின்ற வீடுகளை இடித்துத் தொடர்மாடி எழுப்பிவிட்டார்கள். மாமரம் நின்ற இடத்தில் கார் நிற்கிறது. தெஹிவளையில் கட்டுகிற தொடர்மாடியையும் ‘வெள்ளவத்தைக்கு அருகில்’ என்றே விற்கிறார்கள். கொழும்பு அப்படியே வளர்ந்துகொண்டிருக்கிறது. நிலம் போதாமல் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் ஒன்றும் உண்டாக்கியாகிவிட்டது. அதற்குத் தனிச் சட்டம், தனி ஆணைக்குழு. சதுப்பில் ஒரு தலைநகரம், கடலில் ஒரு நகரம். உள்ள தரையில் நாங்கள்.

ஆனால் 2022இல் நாடே கொதித்து எழுந்தபோது சனம் கோட்டேக்கா போனது? காலிமுகத்திடலுக்குத்தான் வந்தது. 1956 ஜூன் 5ஆம் திகதி செல்வநாயகமும் தோழர்களும் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கிய அதே திடல். 2022 மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சி கையில் வாங்கியவர்களில் சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் புள்ளி போட அன்று சேர் உயிரோடு இல்லை.

போன மாதம் அண்ணனின் பேத்திக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனோம். கனடாவில் ஒரு கலியாணம். வெள்ளவத்தையில் 101 ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, 177 பிடித்தோம். அவள் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பிள்ளை. தலைநகரம் எது என்றால் நித்திரையிலும் சரியாகச் சொல்வாள். இராஜகிரிய தாண்டியதும் யன்னலோரம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"தாத்தா, தலைநகரம் வந்திட்டுதா?"

"வந்துகொண்டிருக்கு."

தியவன்னாவின் தண்ணீர் தெரிந்தது. ஒரு கொக்கு நின்றது. பஸ் நிற்கவில்லை.

"இப்ப எங்க?"

"போயிட்டுது" என்றேன்.

பத்தரமுல்லையில் இறங்கிக் கடவுச்சீட்டு அலுவலக வரிசையில் நின்றோம். அந்த இடம் கோட்டே மாநகர சபைக்குரியதல்ல. கடுவலை மாநகர சபைக்குரியது.