மார்கழி மாதத்து ஐயர்

'ஐயர்' என்றவுடன் பூணூலையும் பஞ்சகச்சத்தையும் நினைத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர் ஒருவர், டிசம்பர் மாதத்து நடுநிசியில் திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பக்கம் வந்து, வெள்ளை அங்கியின் மேல் கம்பளிச் சால்வையும் தலையில் குரங்குக் குல்லாவும் ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் முறுக்குப் பொட்டலமுமாகத் தெருவோடு போகும் பெரியவரை ஊரார் 'ஐயரவர்களே' என்று கும்பிடுவதைக் கண்டால், சற்றுத் திகைத்துத்தான் போவார். இங்கே புராட்டஸ்டண்டு சபைக் குருவானவருக்கு அதுதான் பட்டம். சாயர்புரத்தில் பள்ளி நடத்தி, பிற்காலத்தில், 1886-இல், திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் நம்மவர் வாயில் போப்பையர் ஆனதும் இந்த வழக்கத்தை ஒட்டித்தான்.

ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, சேகரம் என்னும் சபைத் தொகுதியின் கமிட்டியில் வரவு செலவு வாசிக்கும்போது எழும் கூச்சலைத் தணித்தல் முதலிய ஐயருடைய நித்திய கருமங்கள் பெரும்பாலும் பகலிலேயே முடிந்துவிடுகிறவை. மார்கழிப் பனி இறங்கி, ஆலயத்து முகப்பில் காகித நட்சத்திரமும் உள்ளே சவுக்குக் கிளையும் ஏறிவிட்டாலோ, ஊருக்கெல்லாம் போர்வைக்குள் சுகமாய் உறங்கும் காலம் பிறக்கிறது. ஐயருக்கு மாத்திரம் உறக்கம் என்பது பிறர் சொல்லக் கேட்கும் விஷயமாகிவிடுகிறது. ஐயரம்மாவிடம் யாராவது வந்து, "ஐயா எப்ப வருவாங்க?" என்று கேட்டால், "நானும் கோயிலில்தான் பார்க்கிறேன்" என்பது அந்த மாதத்துப் பதில்.

முதலில் கீத பவனி. பெட்ரோமாக்ஸ், ஹார்மோனியம், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா சகிதமாக இரவு 9 மணிக்குப் புறப்படும் இந்தக் கோஷ்டி வடக்குத் தெருவில் தொடங்கினால் தெற்குத் தெருவுக்கு மனஸ்தாபம். தெற்கில் தொடங்கினால் அடுத்த கமிட்டித் தேர்தலில் வடக்குத் தெருவின் ஓட்டு கிடையாது. வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு காப்பி என்பது சம்பிரதாயம். ஜெபத்தில் பம்பாயிலிருக்கும் மகனையும், இடுப்புவலிக்காரப் பாட்டியையும், பால் மறந்த எருமையையும் விடாமல் சேர்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அதன்பின் அதற்கு வரும் சுகக்கேடுகளுக்கெல்லாம் ஐயரே பொறுப்பாளி. காப்பியோ அதைவிடக் கடினம். ஐயருக்கு நீரிழிவு உண்டென்பது சேகரம் முழுவதும் அறிந்த செய்தி. ஆயினும், "இது சீனி இல்லைய்யா, கருப்பட்டிதான், ஒண்ணும் செய்யாது" என்று முதல் வீட்டுக் கிழவி நீட்டும் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டில் வேண்டாமென்றால் அது காப்பியைப் பற்றிய விஷயமாகவா இருக்கும்? முதலூர்ச் சம்பந்தியார் தேங்காய்ப் பாலில் கிண்டிக் கொண்டுவந்த மஸ்கோத்து அல்வாவை மறுத்தவரோ இதுகாறும் இல்லை. ஆகையால் நாற்பதாவது வீட்டில் ஐயர் ஜெபத்திற்குக் கண்ணை மூடும்போது, ஆலயப் பணியாளான கோயில்பிள்ளை பக்கத்தில் நின்று அவர் முழங்கையை மெல்லத் தொட்டுக்கொண்டே இருப்பான்.

அடுத்தது பிரசங்கம். திருவருகை ஞாயிறுகள் நான்கு. அவற்றின்மேல் பள்ளிக்கூட விழா, ஆஸ்பத்திரி விழா, வாலிபர் ஐக்கிய விழா. பெத்லகேமோ ஒன்றுதான், முன்னணையும் ஒன்றுதான். இருபது ஆண்டுகளாக அதையே புதிதாகச் சொல்லவேண்டிய சங்கடத்துடன் நிற்கும் ஐயருக்கு எதிரே, முதல் வரிசையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எல்லாப் பிரசங்கங்களையும் தேதியிட்டு எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார். ஆராதனை முடிந்து கைகொடுக்கும்போது, "போன வருஷத்து ஒட்டகம் இந்த வருஷமும் வந்துவிட்டதே, ஐயா" என்று பணிவோடு சொல்வார்.

இவ்விதமாக 24-ஆம் தேதி இரவு முழுவதும் விழித்து, 25 விடியற்காலை 4 மணி ஆராதனையையும் திருவிருந்தையும் நடத்தி, பகலெல்லாம் வீடு வீடாக வாழ்த்துச் சொல்லி, மறுநாள் முதல் லீவில் வந்திருப்பவர்களின் கல்யாணங்களும் அதன்பின் 31 நடுநிசி ஆராதனையும் வரிசையாகக் காத்திருக்கின்றன என்ற ஞாபகத்தோடு, அன்று மாலை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்குத் தலைமை வகிக்க மெத்தை நாற்காலியில் ஐயர் அமர்ந்தார். மேடையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள் உறங்குவதுபோல் நடித்தார்கள். கீழே ஐயர் நடிக்கவில்லை. திடீரென்று காகிதச் சிறகு கட்டிய தேவதூதன் கணீரென்று கூவினான். திடுக்கிட்டு எழுந்த ஐயர், பழக்கத்தின் காரணமாக வலக்கையை உயர்த்தி, முழு ஆசீர்வாதத்தையும் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். சபையார் ஒரே குரலாய் "ஆமென்" என்று சொல்லி, செருப்பைத் தேடி எழுந்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் தாடி ஒட்டிக்கொண்டு பொன்னும் வெள்ளைப்போளமுமாக நின்ற சாஸ்திரிகள் மூவரும் அழத் தொடங்கினார்கள். ஐயர் ஒரு நொடி யோசித்தார். "அழாதீங்க பிள்ளைகளா, சாஸ்திரிகள் எப்படியும் ஜனவரி 6-ஆம் தேதி, பிரசன்னத் திருநாளுக்குத்தானே வரவேண்டியவர்கள், முறைப்படி அன்றைக்கே வாருங்கள்" என்றார்.

முதல் வரிசையில் தலைமையாசிரியர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதியைப் போட்டு, 'இது புதிது' என்று குறித்துக்கொண்டார்.