காய்க்கும்போது அரசு மரம், சாயும்போது யார் மரம்?

பெறுநர்: உரிய அலுவலர் அவர்கள், உரிய அலுவலகம்.

பொருள்: கம்மாபுரம் – புறம்போக்குப் புளியமரம் – ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்து நிற்பது – இதற்கு மேலும் சாயக் கூடாது என அதற்கு ஆணையிடக் கோருதல்.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்களும், அவற்றின் மேல் தங்கள் பார்வை படாததும்.

ஐயா / அம்மா,

வணக்கம். மரம் நலம். அதற்குள் குடியிருக்கும் கரையானும் நலம். காற்றடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாங்கள்தான் கொஞ்சம் சுமார்.

குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டார்கள். அடிமரத்தில் பொந்து, பொந்தைச் சுற்றிக் காளான். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலே கிளம்புகிறது. விழப்போகிறேன் என்று மரம் இதற்கு மேல் தெளிவாக மனுக் கொடுக்க முடியாது.

காய்க்கிற காலத்தில் இந்த ஜாதி மரத்துக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2 சி பட்டா உண்டு. சாலையோரப் புளிக்கு எண் எழுதி, மகசூலை ஏலம் விடத் துறை உண்டு. சாயத் தொடங்கியதும்தான் மரம் அனாதையானது. ஓர் அலுவலகம், நிலம்தான் எங்களுடையது, மரம் இல்லை என்றது. அடுத்தது, மரம் எங்களுடையதுதான், வெட்டுகிற அதிகாரம் மேலே இருக்கிறது என்றது. மூன்றாவது, கம்பியில் உரசும் கிளை மட்டுமே எங்கள் பொறுப்பு என்று அந்தப் பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிட்டுப் போனது. இப்போது பாரம் முழுக்க எங்கள் கூரைப் பக்கம். செய்த ஒரே வேலைக்கு நன்றி.

வெட்டுவதானால் வனத்துறை மதிப்பீடு வேண்டும், பிறகு ஏலம் என்கிறீர்கள். பொந்து விழுந்த மரத்தை எவன் ஏலம் எடுப்பான்? ஆள் வராவிட்டால் மறு ஏலமாம். சாலையை அகலப்படுத்த வந்தால் மட்டும் வைரம் பாய்ந்த புளியமரங்கள் வரிசையாக மாயமாகின்றன. ஆக, திடமான மரத்தை வெட்டுவதும் செத்த மரத்தைக் காப்பதும் பசுமைக் கொள்கை என்று புரிந்துகொண்டோம்.

சட்டத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுத்து நிறுத்தவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 152ஆவது பிரிவு. இதே 133ஐ வைத்துத்தான், சாக்கடை கட்டப் பணமில்லை என்ற ரத்லம் நகராட்சியிடம், அது சாக்கே இல்லை என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதுவரை இங்கே முட்டுக் கொடுக்கப்பட்டது கோப்புக்கு மட்டும்தான்.

அனுமதியில்லாமல் மரம் வெட்டிய ஒரு நபரையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். பெயர்: தானே புயல். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பலாவையும் முந்திரித் தோப்புகளையும் அடியோடு சாய்த்தது. மதிப்பீடும் கேட்கவில்லை, ஏலமும் விடவில்லை. அதன்மேல் இதுவரை நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லை.

மரமே கூலி கொடுத்த கதையும் எங்கள் பக்கம் உண்டு. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. திருப்பணி செய்தவர்களுக்கு அதன் இலையையே கூலியாகக் கொடுத்ததாகவும், அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னானதாகவும் தலபுராணம். அந்தச் சம்பள முறை திரும்பி வந்தால், மாதக் கடைசியில் பல மேசைகளில் இலை இலையாகவே கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளவும் மேலிடத்து அனுமதி கேட்பீர்கள்.

எங்களுக்கு மரத்தின் மேல் பகை இல்லை. தெரிந்தவரை அனுப்பிப் பாருங்கள். பாரம் குறைத்தால் பிழைக்கும் என்றால் எங்கள் பக்கத்துக் கிளையைக் கழியுங்கள். பிழைக்காது என்றால் மழைக்கு முன் எடுங்கள். வீட்டுக்குத் தள்ளி வேம்பும் புங்கனும் நட்டு நாங்களே தண்ணீர் ஊற்றுகிறோம். இதற்கும் வழியில்லை என்றால், விருத்தாசலம் சூளையில் சொல்லி ஒரு பீங்கான் மரம் செய்து நிறுத்துங்கள். எண் எழுத வழவழப்பாக இருக்கும், தணிக்கையில் கணக்கும் உதைக்காது.

இப்படிக்கு,
மரத்தடிவாசிகள்

நகல்: வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – மறு ஏலத் தேதி முடிவாகும்வரை பொறுத்தருளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.