முட்டை விலைக்குப் பூட்டுப் போடுவது எப்படி?

நாமக்கல் முட்டை விலையை எழுதுவது ஓரிடம். படிப்பது தமிழகமும் கேரளமும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஐந்து காசு ஏற்றினால், மோகனூர்ப் பண்ணையிலிருந்து பாலக்காட்டு மொத்தக்கடைவரை போனைத் தடவுகிறார்கள். எழுத ஒருவர், படிக்க ஆயிரம் பேர். ரீட்-ரைட் லாக்குக்கென்றே அமைந்த இடம். எனவே விலைச் செயலி எழுதும் தம்பிமார்களே, அதை முறைப்படி கெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் பூட்டே போடாதீர்கள். விலை ஒரு எண், தேதி இன்னொன்று; இதற்கெல்லாம் எதற்குப் பூட்டு? எழுதும் த்ரெட் விலையை மாற்றிவிட்டுத் தேதிக்குப் போவதற்குள் படிக்கும் த்ரெட் நுழையும். இன்றைய விலையும் நேற்றைய தேதியும் ஜோடியாகக் கைக்கு வரும். அறிவித்த விலையில் மைனஸ் வைத்து, அதாவது கொஞ்சம் குறைத்து வாங்குவது வியாபாரிகள் வழக்கம். தேதியில் மைனஸ் வைப்பது உங்கள் செயலியின் தனிச்சிறப்பாக இருக்கட்டும்.

பண்ணைக்காரர் ஒருவர் “ஏனுங் தம்பி, இது எந்த நாளு வெலைங்?” என்று கேட்பார். அப்போது ரீட்-ரைட் லாக்கை மாட்டுங்கள். ரீட் லாக்கை எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம். ரைட் லாக் ஒருவருக்குத்தான். அப்போது படிப்பவரும் உள்ளே இருக்கக் கூடாது. 1971-இல் கோர்ட்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் மூவரும் இதற்கு இரண்டு தீர்வு எழுதினார்கள்: ஒன்றில் படிப்பவருக்கு முன்னுரிமை, மற்றதில் எழுதுபவருக்கு. நீங்கள் முதலாவதையே எடுங்கள். படிப்பவர் ஒருவர் வெளியேறுமுன் அடுத்தவர் நுழைந்துகொண்டே இருப்பார். எழுதுபவர் வாசலிலேயே நிற்பார். ஊரே ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு, பத்திரமாக, நேற்றைய விலையைப் படிக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது என்பதுதான் இதன் அழகு.

கோ மொழியில் இந்த வசதி கிடையாது. எழுதுபவர் காத்திருந்தால் புதிதாகப் படிக்க வருபவரை நிறுத்திவிடும். மனம் தளர வேண்டாம். ரீட் லாக்கைப் பிடித்திருக்கும் ஃபங்ஷனிலிருந்து, மறுபடி அதே ரீட் லாக்கைக் கேட்கும் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எழுதுபவர் வந்து நின்றால் அவர் உங்களுக்காகவும், நீங்கள் அவருக்காகவும் காத்திருப்பீர்கள். சோதனையில் ஓடும், விலை மாறும் நேரத்தில் மட்டும் நிற்கும்.

ஜாவாக்காரர்களுக்கு இன்னும் சுலபம். ரீட் லாக்கைப் பிடித்தபடியே, விலை பழசென்று கண்டு ரைட் லாக்கைக் கேளுங்கள். ரீஎன்ட்ரன்ட்ரீட்ரைட்லாக்கில் ரைட்டிலிருந்து ரீடுக்கு இறங்கலாம், ரீடிலிருந்து ரைட்டுக்கு ஏற முடியாது. உங்கள் கையிலுள்ள லாக்குக்காக நீங்களே காத்துக் கிடப்பீர்கள். ரீடை விட்டுவிட்டு ரைட்டை எடுக்கச் சொல்லி யாராவது திருத்தினால், சரி என்று எடுத்துக்கொண்டு, விலையை மறுபடி பார்க்காமலே எழுதுங்கள். அந்த இடைவெளியில் வேறொரு த்ரெட் புது விலையைப் போட்டிருந்தால் அதுவும் அழியும்.

ரைட் லாக் கிடைத்ததும், அதை விடாமல் எல்லாப் பண்ணைக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். விளக்கம் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு செயலி தப்பிவிட்டாலும், வேகத்தை மட்டும் அளந்து பார்க்காதீர்கள். படிப்பவர் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போதும் போகும்போதும் லாக்கின் எண்ணிக்கையை மாற்றுகிறார். ஆக, படிக்க வந்தவரும் எழுதத்தான் செய்கிறார். அந்த ஒரு எண்ணுக்காகப் பிராசஸரின் கோர்கள் எல்லாம் இழுபறி நடத்தும். இரண்டு எண்ணைப் படிக்கும் நேரத்தைவிட இது நீளும். சாதா மியூடெக்ஸே முந்தினாலும் முந்தும். படிக்கும் வேலை நீளமாக இருந்தால்தான் ரீட்-ரைட் லாக் தன் கூலியைத் திருப்பித் தரும்.

கடைசியாக, செய்யவே கூடாத ஒன்று. விலையும் தேதியும் சேர்ந்த, பிறகு மாறாத புதுப் பதிவொன்றைத் தனியே தயாரித்து, அதைக் காட்டும் சுட்டியை மட்டும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே அசைவில் (அட்டாமிக்) மாற்றுவது. பழையதைப் படித்துக்கொண்டிருப்பவருக்குப் பழைய விலையும் பழைய தேதியும் முழுசாகக் கிடைக்கும். அடுத்து வருபவருக்குப் புதியது இரண்டும். இதே சாயலில் லினக்ஸ் கெர்னலில் 2002-இலிருந்து ஆர்.சி.யூ. (ரீட்-காப்பி-அப்டேட்) ஓடுகிறது. நாளுக்கு ஒரு தடவை மாறும் முட்டை விலைக்கு இது தாராளம். ஆனால் பூட்டே இல்லாத நிரலுக்கு எந்த மேனேஜர் இன்க்ரிமென்ட் போடுவார்? யாரும் தொடாத ஒரு லாக்கையாவது பார்வைக்கு வைத்துவிடுங்கள்.