அட்டைப்பெட்டிக் கேக்கின் உயரப் பிரச்சினை

மைதா, சர்க்கரை, உப்பச் செய்யும் பொடி ஆகியவற்றை ஆலையிலேயே அளந்து கலந்து அடைத்த பொருளே கேக் மிக்ஸ் எனப்படுவது. அதன் பெட்டிமேல் அச்சிடப்பட்ட கேக் ஒருபோதும் ஓவனுக்குள் சென்றதில்லை என்று ஐயுறுவதற்கு, வீட்டில் சுட்ட குட்டையான கேக்கை அதன் அருகில் வைத்துப் பார்ப்பதே போதிய சான்றாகும்.

இந்த உயரக் குறைவைப் போக்க இல்லத்தார் முதலில் நாடுவது, பேக்கிங் பவுடரை இன்னொரு கரண்டி சேர்க்கும் வழியை. சமையல் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் சேர்ந்த இப்பொடி, ஈரம் பட்டதும் ஓரளவும் சூடேறியதும் மிச்சமுமாகக் கரியமில வாயுவை வெளியிடுவது. இதன் தொடக்க வடிவத்தை 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர் உருவாக்கியது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக. சமையலறைக்குக் கணவன்மார் செய்த தொண்டுகளின் பட்டியல் நீளமானதன்று என்பதால் இச்செய்தி இங்கே பதிவுக்குரியதாகிறது. ஆனால் வாயு புதிய குமிழிகளைப் படைப்பதில்லை. மாவை அடிக்கும்போது உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகளையே அது ஊதிப் பெருக்குகிறது. பொடி மிகுந்தால் அவை அளவுமீறிப் பெருத்து, ஒன்றோடொன்று கலந்து, மேலே வந்து உடைந்துவிடுவதால், கோபுரம் எழுந்த இடத்திலேயே சற்று நேரத்தில் தெப்பக்குளமும் அமைந்துவிடுகிறது.

உண்மையில் உயரத்தைக் கூட்டும் எளிய வழி வேதியியலில் இல்லை, வடிவியலில் இருக்கிறது. 9 அங்குல வட்டத் தட்டுக்குரிய மாவை 8 அங்குலத் தட்டில் ஊற்றினால், பரப்பளவு 81-க்கு 64 என்ற விகிதத்தில் சுருங்குவதால், அதே மாவு கால் பங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். கேக் வளரவில்லை, ஒடுங்கியது மட்டுமே என்ற உண்மையை விருந்தினரிடம் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றுவோர் மட்டும், எஞ்சிய கேக்கை ஓவனின் தரையிலிருந்து சுரண்டி உண்ணும் நிலைக்கு ஆளாவர். தட்டின் அடியில் மட்டும் வெண்ணெய் தடவி, பக்கங்களை விட்டுவிடுவதும் நன்று. ஏறும் மாவுக்குப் பற்றிக்கொள்ளச் சுவர் வேண்டும்.

இத்தனையும் செய்த பின் எஞ்சும் பகை, கதவைத் திறந்து பார்ப்பவர். முட்டையின் புரதமும் மாவின் ஸ்டார்ச்சும் வெந்து இறுகும் வரை குமிழிகளின் சுவர் ஈரப் படலமே ஆதலால், இடையில் புகும் குளிர்காற்று அதைச் சுருங்கி அமரச் செய்துவிடும். திறந்தவர் பெரும்பாலும் சுட்டவரல்லர், எனினும் கேக் ஏன் அமுங்கிவிட்டது என்று முதலில் கேட்பவர் அவரே.

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சிக்கல் தலைகீழானது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் வாயு மிகுதியாக விரிந்து, கேக் இறுகுமுன்பே தாங்கும் எல்லையைத் தாண்டி எழுந்து விழுகிறது. பொடியைக் குறைப்பதே முறை. கலந்து விற்கப்படும் மிக்ஸிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வழியில்லாததால், மலைவாசிகள் கொஞ்சம் மைதாவும் தண்ணீரும் கூட்டிச் சேர்த்து, உயரத் துடிக்கும் கேக்கை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது.