பூதம் வளர்த்த பொண்ணு

வேலூர்–ஆரணி சாலையில் கண்ணமங்கலத்து டீக்கடை டிவியில் நிவேதா தாமஸ் வந்துவிட்டால் போதும். "பூதம் சீரியல்ல வந்த பொண்ணுதானே? என்னமா வளந்துடுச்சு!" என்று ஒரு பெரியவர் வாய் பிளப்பார். 'மை டியர் பூதம்' சன் டிவியில் தொடங்கியது 2004இல். வளராமல் என்ன செய்யும்?

வளர்ந்தும் நம் சினிமா விடவில்லை. 2015 'பாபநாசம்', கமலுக்கு மகள். 2020 'தர்பார்', ரஜினிக்கு மகள். (கமலும் 1960 'களத்தூர் கண்ணம்மா'வில் வந்த பொடியன்தான். "என்னமா வளந்துட்டாரு" என்று அவரை யாரும் சொல்வதில்லை.) இடையில் நிவேதா கட்டிடக்கலை வேறு படித்தார்; அதெல்லாம் டீக்கடைச் செய்தி ஆகாது.

தெலுங்குக்காரர்கள் அவசரக்காரர்கள். 2016இலேயே நானிக்கு ஜோடியாக்கினார்கள். 2024இல் '35' படத்தில் இரண்டு பையன்களுக்கு அம்மா. இங்கே ஹீரோவுக்கு வயது ஏறாது, மகளுக்கு மட்டும் ஏறினால் நன்றாகவா இருக்கும்? அந்த '35' படத்தில் மகனுக்குக் கணக்கு வராது. பாஸ் மார்க் வாங்கவைக்க அம்மாவே புத்தகத்தைத் திறக்கிறார். ஹீரோக்களின் வயதைக் கூட்டத் தெரியாத நம் தயாரிப்பாளர்களுக்கும் அந்த வகுப்பில் ஒரு பெஞ்சு போடலாம்.